தைலம்மை சொம்பு

கனகசபை மடத்துக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு அறுபது வயது. அவருடைய குருவுக்கு நாற்பத்தைந்துகூட இருக்காது. குருவின் பெயர் ஞானாம்பிகை. எல்லாரும் அம்மை என்றுதான் கூப்பிடுவார்கள். மகள் வயதுப் பெண்ணிடம் போய் இவருக்கு என்ன பாடம் என்று உறவுக்காரர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருவர்கூட அம்மையின் எதிரில் ஒரு பொழுது உட்கார்ந்து பேசியவர் இல்லை.

மடம் சின்னது. ஓட்டுக் கூரை, ஒரு கூடம், பின்னால் அடுக்களை, அதை ஒட்டி ஒரு முருங்கை மரம், அவ்வளவுதான். சுற்றிலும் புதுமேடு. ஆற்றில் வெள்ளம் வந்து கரையோர ஊர்களை வாரிக்கொண்டு போன பிறகு, தப்பியவர்களுக்கு அந்த மேட்டில் வரிசையாக வீடு கட்டிக் கொடுத்திருந்தார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டு வீடு ஒதுக்கினார்கள். அதனால் ஒரே ஊர்க்காரர்கள் ஐந்து தெருவிலும் சிதறிப் போனார்கள். யாருக்கும் பக்கத்து வீட்டில் இருப்பது யார் என்று தெரியாது, தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை.

கனகசபை அதற்கு முன்னால் ஒரு நெல் கிடங்கில் பொறுப்பாளராக இருந்தவர். போன சாக்கு போனபடி திரும்பி வரவேண்டும் என்பதில் அத்தனை கறார். ஒரு தீப்பெட்டிகூட யாரிடமும் இரவல் வாங்கியதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். மனைவி இறந்ததும் வீட்டைப் பூட்டிவிட்டு மடத்துக்கு வந்துவிட்டார். வரும்போது கொண்டுவந்தது இரண்டு வேட்டியும் ஒரு பித்தளைச் சொம்பும். சொம்பின் கழுத்தில் 'தைலம்மை' என்று பெயர் வெட்டியிருந்தது. அதில்தான் தண்ணீர் குடிப்பார். வேறு யாரும் அதைத் தொட்டதில்லை. அது யார் பெயர் என்று மடத்தில் அம்மையைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

ஒரு நாள் மூன்றாம் தெருத் தையல்காரர் பொன்னுரங்கம் இறந்துபோனார். இறந்தது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஒரு பக்கத்து வீட்டுக்காரர், மகள் வீட்டுக்குப் போயிருப்பார் என்று நினைத்திருந்தார். இன்னொரு பக்கத்து வீட்டுக்காரர் எதுவுமே நினைக்கவில்லை. கனகசபைதான் கூட இருந்து எல்லாக் காரியமும் செய்துவிட்டு, குளித்துத் தலை துவட்டாமல் வந்து அம்மையின் முன்னால் நின்றார்.

"எப்படிப்பட்ட மனுசன் அம்மா. வீடு அவ்வளவு சுத்தம். அலமாரியில பாத்திரமெல்லாம் தேச்சுக் கவுத்து வச்சிருக்கார். ஒண்ணு குறையல. யாருக்கும் ஒரு தொந்தரவு குடுக்காத ஆளு."

அம்மை கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த மாதிரி இன்னொருத்தர் போகக் கூடாதம்மா. இந்தக் கதவெல்லாம் எப்படித் திறக்கும்?"

"பௌர்ணமிக்குச் சோறு போடுங்க."

கனகசபை கிளம்பினார். அவர் ஒரு காரியத்தில் இறங்கினால் அப்பழுக்கு இருக்காது. டவுனிலிருந்து சமையல்காரர் வந்தார், அண்டாவும் அடுப்பும் வாடகைக்கு வந்தன, தெருத் தெருவாக ஆட்டோவில் ஒலிபெருக்கி போயிற்று. ஐந்து தெருவும் வந்து பந்தியில் உட்கார்ந்தது. சாம்பாரை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். நல்லாருந்துச்சு சாமி என்று கும்பிட்டுவிட்டுப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

மறுநாள் அவர் சோர்ந்துபோய் வந்தார்.

"பஸ் ஸ்டாண்டு மாதிரி இருந்துச்சம்மா. வந்தாங்க, போனாங்க."

"சாப்பாட்டுல ஏதாவது குறையா?"

"ஒரு குறையும் இல்லை."

"அதான் குறை," என்றார் அம்மை. "அடுத்த பௌர்ணமிக்கு வாடகைப் பாத்திரம் வேண்டாம். வீடுகள்ல இரவல் கேளுங்க."

கனகசபைக்கு முகம் விழுந்துவிட்டது. எத்தனை செலவானாலும் வாடகையைத் தானே பார்த்துக்கொள்கிறேன் என்றார். தனக்குக் கேட்டுப் பழக்கமில்லை என்றும் சொன்னார்.

"தெரியும். அதனாலதான் உங்களை அனுப்புறேன்."

முதல் வீட்டு வாசலில் அவர் நின்ற நிலையை இன்றைக்கும் புதுமேட்டில் நடித்துக் காட்டுவார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வானத்தைப் பார்த்து, ஒரு குண்டான் கிடைக்குமா என்று அவர் கேட்டது நாலாம் தெருப் பரிமளத்திடம். பரிமளம் அவரை மேலும் கீழும் பார்த்தாள். தன் குண்டான் அடி மெல்லிசு, தீ கொஞ்சம் கூடினாலும் பிடித்துக்கொள்ளும், அதனால் அதைத் தனியாக அனுப்ப முடியாது, தானே கூட வருவதாகச் சொன்னாள். இரண்டாம் தெருவில் மெகருன்னிசா ஒரு பெரிய தேக்சாவை எடுத்துக் காட்டினாள். வெள்ளத்தன்று தன் கோழிகளை அதற்குள் போட்டு மிதக்கவிட்டுத்தான் கரைசேர்த்தாளாம். இதற்கு ஒரு நசுங்கல் வந்தாலும் உங்களைச் சும்மா விட மாட்டேன் சாமி என்று அவளும் புறப்பட்டு வந்தாள்.

அந்தப் பௌர்ணமிக்கு அடுக்களையில் நிற்க இடமில்லை. அவரவர் பாத்திரத்துக்கு அவரவர் காவல். காவலுக்கு வந்தவர்கள் சும்மா நிற்க முடியாமல் வெங்காயம் உரித்தார்கள். ஒருத்தி சாம்பாரில் புளி போதாது என்றாள், இன்னொருத்தி போதும் என்றாள், அந்த வழக்கு தீர்வதற்குள் சோறு வெந்துவிட்டது. கனகசபை மரத்தடியில் நின்று பார்த்தார். கண்ணில் நீர் வந்த பழியை வெங்காயத்தின் மேல் போட்டார். இவ்வளவு நல்ல சத்தத்தை அவர் கேட்டுப் பல காலம் ஆகியிருந்தது.

இத்தனைக்கும் பிறகுதான் அவர் காரியத்தைக் கெடுத்தார்.

பாத்திரம் தேய்க்க வந்த பெண்களை, நீங்க உக்காருங்க என்று தடுத்துவிட்டார். ஒவ்வொரு பாத்திரத்தையும் புளியும் சாம்பலும் போட்டுத் தானே தேய்த்தார். துணியால் துடைத்தார். விளக்கு வைப்பதற்கு முன்னால் வீடு வீடாகப் போய் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டார். பரிமளம் குண்டானை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். கதவைச் சாத்தினாள்.

மறுநாள் எல்லாக் கதவும் பழையபடி மூடிக் கிடந்தது.

"எனக்குப் புரியலம்மா. ஒரு கீறல் இல்லாம அன்னிக்கே திருப்பிக் குடுத்தேன்."

"உள்ள என்ன வச்சுக் குடுத்தீங்க?"

"உள்ள என்ன? ஒண்ணுமில்லை. சுத்தமா இருந்துச்சு."

"தைலம்மை இருந்தா அப்படிக் குடுத்திருப்பாங்களா?"

கனகசபைக்குப் பழைய வீடு நினைவுக்கு வந்தது. பக்கத்து வீட்டுக் கிண்ணம் வீட்டுக்கு வந்தால் தைலம்மை அதை ஒருநாளும் வெறுமனே அனுப்பியதில்லை. ஒன்றும் இல்லாத நாளில் ஒரு கொத்துக் கறிவேப்பிலையாவது போட்டு அனுப்புவாள். நம் வீடுகளில் பெண்கள் யாரும் சொல்லிக் கொடுக்காமலே செய்கிற காரியம் இது. வாங்கினதைத் திருப்பிக் கொடுத்தால் முடிந்ததில்லையா, இது எதற்கு என்று அவர் ஒரு தடவை கேட்டிருக்கிறார். அவள் சிரித்ததோடு சரி.

"அடுத்த தடவை ஒழுங்கா செய்யறேன்," என்றார்.

"அடுத்த தடவை நான் குடுக்கறேன்," என்றார் அம்மை.

மூன்றாம் பௌர்ணமிக்குப் பாத்திரம் கேட்டுப் போனபோது சிலர் முகம் சுளித்தார்கள். ஆனாலும் கொடுத்தார்கள். சமையல் நடந்தது, பந்தி நடந்தது. பாத்திரங்களைக் காலையில் வந்து வாங்கிக்கொள்ளும்படி அம்மை சொல்லிவிட்டார். பிறர் பொருள் தன் கூரைக்குக் கீழே கிடப்பதை நினைத்துக் கனகசபை புரண்டு புரண்டு படுத்தார்.

காலையில் அம்மை அடுக்களை வாசலில் மணை போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் சர்க்கரைப் பொங்கல், வாழைப்பழம், முருங்கைக்காய். பாத்திரத்தில் எதையாவது போட்டு வந்தவர்களிடம் நீட்டினார். பரிமளம் வாங்கிப் பார்த்துவிட்டு நின்றாள்.

"அம்மை, இது என்னுது இல்லை. மெகருன்னிசான்னு வெட்டியிருக்கு."

"ஆமா."

"அது யாரு?"

"ரெண்டாம் தெரு. போற வழியில குடுத்துடுறீங்களா?"

நாலாம் தெருவுக்குப் போகிற வழியில் இரண்டாம் தெரு இல்லை. இருந்தாலும் அம்மை கேட்டு எப்படி மறுப்பது? பரிமளம் தேக்சாவைத் தூக்கிக்கொண்டு போனாள். அடுத்து வந்தவருக்கும் வேறொரு வீட்டுப் பாத்திரம்தான் போயிற்று. அதற்கடுத்தவருக்கும் அப்படியே. கனகசபை குனிந்து, அம்மா எல்லாம் மாறிப் போகுது என்று காதோடு சொன்னார். அப்படியா என்று கேட்டுவிட்டு அம்மை அடுத்ததையும் மாற்றிக் கொடுத்தார். கடைசிப் பாத்திரம் போகும் வரை கனகசபையின் உயிர் அவரிடம் இல்லை.

மத்தியானம் தாகம் எடுத்தபோது தன் அறைக்குப் போனார். சொம்பைக் காணோம்.

"அதுவா," என்றார் அம்மை. "ஒருத்தருக்கு மோர் ஊத்திக் குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"ஞாபகம் இல்லையே."

புதுமேட்டில் பிறந்த கன்றுக்குட்டியின் பெயர்கூட அம்மைக்கு ஞாபகம் இருக்கும். அது கனகசபைக்கும் தெரியும். அவர் கத்திவிட்டார்.

"அது ஒண்ணுதாம்மா என்கிட்ட மிச்சம். அதையும் எடுத்து யாருக்கோ குடுக்கிறதுக்குப் பேரு ஞானமா?"

அம்மைக்குக் கோபம் வரவில்லை. வருத்தம் வந்தது, அது முகத்தில் தெரிந்தது. "தேடிப் பாருங்க, ஐயா," என்றார்.

அவர் தேடவில்லை. பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டார். கொடுத்தவர் வாங்கி வரட்டும் என்று சில நாள் அம்மையோடு பேசாமல் இருந்தார். தண்ணீரைக் கையால் ஏந்திக் குடித்தார். அந்த நாட்களில் தெருவில் ஒரு புது நடமாட்டம் இருந்ததை அவர் கவனித்திருந்தால் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். மூடி போட்ட பாத்திரங்களோடு பெண்கள் தெரு விட்டுத் தெரு போய்க்கொண்டிருந்தார்கள். மெகருன்னிசாவின் தேக்சா அவளிடம் போனபோது உள்ளே பரிமளம் வைத்த அடை இருந்தது. அடை வந்த வீட்டிலிருந்து பிரியாணி போகாமல் இருக்குமா?

சொம்பு மட்டும் வரவில்லை. கடைசியில் கனகசபை துணிப்பையில் வேட்டிகளைத் திணித்துக்கொண்டார். சொம்பை வாங்கிக்கொண்டு அப்படியே பஸ் ஏறிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு இறங்கினார்.

முதல் தெருவில் ஒரு வீட்டில் அது வந்து போனதாகச் சொன்னார்கள். பேர் பார்த்துத் திருப்பிக் கொடுக்கலாம் என்று மடத்தில் கேட்டோம், அங்கே தைலம்மை என்று யாரும் இல்லை என்றார்கள், அடுத்த தெருவில் இருக்கலாம் என்று கொஞ்சம் பாயசம் ஊற்றி அனுப்பினோம் என்றார்கள். அடுத்த தெருவிலும் அதே கதை. அங்கேயும் தைலம்மை இல்லை. ரசம் ஊற்றி அதற்கடுத்த தெருவுக்கு அனுப்பியிருந்தார்கள். சொம்பு ஒவ்வொரு வாசலாகத் தைலம்மையைத் தேடிப் போயிருந்தது.

"யாரு சாமி அந்தத் தைலம்மை?" என்று மெகருன்னிசா கேட்டாள். "ரசம் எப்படி இருந்துச்சுன்னு கேட்டுச் சொல்லுங்க."

"என் வீட்டுக்காரி," என்றார் கனகசபை. "இப்ப இல்லை."

மெகருன்னிசா நாற்காலியை இழுத்துப் போட்டாள். டீ வந்தது. தைலம்மைக்கு ரசம் என்றால் மிளகு தூக்கலாக இருக்கவேண்டும் என்று அவர் சொன்னார். எதற்காகச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. அடுத்த வீட்டில் அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே கோலம் போடுவதைச் சொன்னார். அதற்கடுத்த வீட்டில் அவள் இறந்த விதத்தைச் சொன்னார். மடத்துக்கு வந்த பிறகு அம்மையைத் தவிர யாரிடமும் அவர் சொல்லாத பேர் அன்றைக்குத் தெருவுக்குத் தெரு வந்தது. துணிப்பை யார் வீட்டிலோ மறந்துபோயிற்று.

நாலாம் தெருவில் பரிமளம், சொம்பைச் சவரியம்மாளிடம் கொடுத்திருப்பதாகச் சொன்னாள். சவரியம்மாள் ஐந்தாம் தெருக் கடைசி வீட்டில் தனியாக இருப்பவர். பழைய ஊரில் தைலம்மை என்று ஒருத்தரைத் தெரியும் என்று வாங்கி வைத்தாராம்.

கதவு மூடியிருந்தது. தட்டினார். பதில் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் தலையை நீட்டினார்.

"சர்ச்சுக்குப் போயிருப்பாங்க."

சரி, நாளைக்கு வரலாம் என்று கனகசபை திரும்பினார். திரும்பியவருக்குக் கால் எழவில்லை. போயிருப்பார் என்ற சொல்லை அவர் பொன்னுரங்கம் இறந்தபோது மூன்றாம் தெருவில் கேட்டிருக்கிறார். மறுபடி தட்டினார். ஜன்னல் வழியாகப் பார்த்தார். அடுப்பு மேடையில் அவர் சொம்பு இருந்தது, அதை ஒரு தட்டு மூடியிருந்தது. பின்பக்கத்திலிருந்து முனகல் மாதிரி ஏதோ கேட்டது.

அவர் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. கொல்லைக் கதவை உடைத்தார்கள். சவரியம்மாள் குளியலறையில் விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, காலையிலிருந்து அப்படியே கிடந்தார். நாக்கு வறண்டிருந்தது. கண் திறந்திருந்தது. யார் ஆட்டோ பிடித்தது, யார் தலையைத் தாங்கியது என்று கனகசபைக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்து, உயிருக்குப் பயமில்லை என்று சொன்னபோது அவர் சுற்றிலும் பார்த்தார். பரிமளம் இருந்தாள். மெகருன்னிசா இருந்தாள். சர்ச்சுக்குப் போயிருப்பார் என்று சொன்ன மனிதர் சுவரைப் பார்த்து நின்று அழுதுகொண்டிருந்தார். பேர் தெரியாத முகங்கள் இன்னும் எத்தனையோ இருந்தன. அவர்கள் எல்லாருக்கும் தைலம்மையைத் தெரியும்.

மடத்துக்குத் திரும்பியபோது அம்மை வாசலில் காத்திருந்தார்.

"சொம்பு கிடைச்சுதா?"

கனகசபை தன் வெறுங்கையைப் பார்த்தார். "மறந்துட்டேன்," என்றார்.

காலையில் பரிமளம் அதைக் கொண்டுவந்தாள். தைலம்மை வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தாள். சொம்பில் மிளகு தூக்கலாக ரசம் இருந்தது. அவர் நின்றபடியே குடித்தார். குடித்து முடிக்க வெகு நேரம் ஆயிற்று. பிறகு பழக்க தோஷத்தில் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்துத் துடைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அம்மையிடம் வந்தார். அன்று கத்தியதற்கு மன்னிக்கச் சொன்னார். அம்மை அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகவே காட்டவில்லை.

"இன்னும் ஒண்ணு அம்மா. பல பேர் பாத்திரம் இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு. மெகருன்னிசா தேக்சா இப்ப முதல் தெருவுல இருக்காம். நான் ஒரு நடை போய் எல்லாத்தையும் அவங்கவங்க வீட்டுல சேர்த்துடட்டுமா?"

அம்மை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"பொன்னுரங்கம் வீட்டுப் பாத்திரமெல்லாம் அவர் வீட்டுலயேதான் இருந்துச்சு, ஐயா."

 கனகசபை சொம்பில் ஊற்ற மோர் இருக்கிறதா என்று பார்க்க அடுக்களைக்குள் போனார்.